பணத்துக்காகப் போரிட்ட ஆசான்

2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் லூயிவில் நகரில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பூஜா தோமர், யுஎஃப்சி போட்டியில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். நாளிதழ்கள் ஒரு நாள் பாராட்டின. மறுநாள் கிரிக்கெட்டுக்குத் திரும்பின. கலப்புத் தற்காப்புக் கலை என்னும் இந்த விளையாட்டைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகளே நிலவுகின்றன. ஒன்று, அது காட்டுமிராண்டித்தனம். மற்றொன்று, அது வெறும் பணத்துக்காக நடத்தப்படும் கேளிக்கை. முதல் கருத்தைப் பற்றி விவாதிக்க நிறைய இருக்கிறது. ஆனால், இரண்டாவது கருத்துதான் என்னை உறுத்துகிறது. கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத மக்கள் முன்னிலையில், முன்பின் அறியாத ஒருவருடன் மோதி ஊதியம் பெறும் மனிதரை ஏன் நாம் சற்றுத் தாழ்வாகவே பார்க்கிறோம்?

இக்கேள்வியை எழுப்பும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் மிட்சுயோ மயேதா. ஜப்பானின் வடகோடியில் பிறந்து, அமேசான் ஆற்றின் கழிமுகத்தில் மறைந்த ஜூடோ வீரர். இன்று உலகெங்கும் கூண்டுக்குள் நடக்கும் சண்டைகளின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அதன் முதன்மையான வேர்களில் ஒன்று அவரிடம் போய் நிற்கிறது. தம் வாழ்நாளின் பெரும்பகுதியில், தாம் நேசித்த கலையின் தலைமைப்பீடத்தால் ஐயத்துடன் பார்க்கப்பட்டவரும் அவர்தான்.

பன்னிரண்டு பாய்களில் பிறந்த கலை

மயேதா 1878 நவம்பர் 18 அன்று அவோமோரி மாநிலத்து ஹிரோசாகியை அடுத்த ஃபுனசாவா கிராமத்தில் பிறந்தார். பனி மிகுந்த அந்தப் பகுதியில் சிறுவர்களுக்கு சுமோதான் விளையாட்டு. மயேதாவும் சுமோ பழகினார். ஆனால், அதற்கேற்ற உடல்வாகு அவருக்கு வாய்க்கவில்லை. வளர்ந்த பின்னும் அவரது உயரம் சுமார் 164 செ.மீ. மட்டுமே. கல்விக்காக டோக்கியோவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர், பிற்காலத்தில் வாசேதா பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியில் சேர்ந்தார். 1897-இல் கொடோகான் பயிற்சிக்கூடத்தின் படியேறினார்.

கொடோகானை 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் வெறும் பன்னிரண்டு பாய்களை விரித்துத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. சாமுராய்களின் காலம் முடிந்து, பழைய ஜுஜுட்சு பள்ளிகள் ஆதரவற்று நலிந்துகொண்டிருந்த வேளை அது. சில ஆசான்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமேடையில் வித்தை காட்டினர். கானோ அதைக் கலையின் வீழ்ச்சியாகவே கண்டார். ஆபத்தான உத்திகளைக் களைந்து, எஞ்சியவற்றை முறைப்படுத்தி, உடலையும் அறிவையும் ஒழுக்கத்தையும் ஒருசேர வளர்க்கும் கல்வியாக ஜூடோவை வடித்தார். கல்வியாளரான அவருக்கு ஜூடோ என்பது சண்டைப் பயிற்சி மட்டுமன்று. மனிதரை உருவாக்கும் வழி. எனவே பந்தயப் பணத்துக்காக மோதுவது அவ்வழிக்கு முரணானது.

புதிய மாணவரைக் கானோ, டொமிதா சுனெஜிரோ என்ற ஆசானிடம் ஒப்படைத்தார். கொடோகானின் நான்கு காவலர்கள் என்று போற்றப்பட்டோரில் உருவில் சிறியவர் டொமிதா. சிறிய உடலைக் கொண்டு பெரிய உடலை வெல்வது எப்படி என்பதை ஒரு சிறிய உடல்தானே கற்றுத்தர முடியும்? மயேதா வேகமாக வளர்ந்தார். ஏழாண்டுகளுக்குள் அந்தத் தலைமுறையின் முன்னணி வீரர்களில் ஒருவரானார்.

கடல் கடந்த முதல் பயணம்

1904 நவம்பரில் டொமிதாவின் துணையாக மயேதா யோகஹாமா துறைமுகத்தில் கப்பலேறினார். அப்போது ரஷ்யாவுடன் ஜப்பான் போரிட்டுக்கொண்டிருந்தது. ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை எதிர்த்து நிற்பதை உலகம் வியப்புடன் கவனித்த காலம். அமெரிக்காவில் ஜப்பானியக் கலைகள் மீது திடீர் ஆர்வம் பிறந்திருந்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கொடோகானின் யமாஷிதா யோஷித்சுகுவிடம் ஜூடோ பயின்றார். டொமிதாவும் மயேதாவும் சென்றது பந்தயத்துக்காக அல்ல, கலையை அறிமுகப்படுத்த.

1905 பிப்ரவரியில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அவர்கள் செயல்விளக்கம் அளித்தனர். ஒழுங்கமைந்த அசைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கிருந்த இளைஞர்களுக்குப் பொறுமையில்லை. மோதிப் பார்க்க வேண்டும் என்றனர். மயேதா ஒரு மாணவரை எளிதாக வீழ்த்தினார். ஆனால், டொமிதா தம்மைவிடப் பன்மடங்கு பருத்த கால்பந்தாட்ட வீரர் ஒருவரை எறிய முயன்று தோல்வியுற்றார். அப்போது அவர் நடுவயதை எட்டியிருந்தார். எதிரில் இருந்தவரோ வாலிபர். இருந்தாலும் பார்வையாளர்கள் வயதையும் எடையையும் கணக்கில் கொள்ளவில்லை. ஜூடோ தோற்றது என்றே எண்ணினர்.

மயேதாவின் வாழ்க்கையைத் திருப்பிய தருணங்களுள் இதையும் ஒன்றாக நான் கருதுகிறேன். ஒரு கலை தன் மண்ணில் பெற்றிருக்கும் மரியாதை கப்பலேறி வருவதில்லை. சொந்த ஊரில் பட்டைகளும் தரவரிசைகளும் பேசும். அயல்மண்ணில் முடிவு மட்டுமே பேசும். செயல்விளக்கங்கள் மூலம் ஜூடோவைப் பரப்ப முடியாது என்பதை அவரது அடுத்த பத்தாண்டுகள் காட்டுகின்றன. வகுப்புகள் நடத்தினார், வருமானம் போதவில்லை. டொமிதாவிடமிருந்து பிரிந்து, பணத்துக்காக மோதும் தொழில்முறை வீரராக மாறினார்.

மேலங்கியும் விதிகளும்

1907-இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். லண்டன் நாடக அரங்குகளில் மல்யுத்தம் பெருங்கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்த காலம். 1908-இன் தொடக்கத்தில் ஆலம்ப்ரா அரங்கில் நடந்த மல்யுத்தத் தொடரில் அவர் பங்கேற்றார். மிகு எடைப் பிரிவில் இறுதிக்கட்டம் வரை முன்னேறி ஸ்காட்லாந்தின் ஜிம்மி எஸ்ஸனிடம் தோற்றார். அந்தத் தோல்வி பெரிதல்ல; அது நிகழ்ந்த விதிகள்தாம் முக்கியமானவை.

ஜூடோ வீரரின் ஆயுதம் எதிராளியின் மேலங்கி. கழுத்துப் பட்டையையும் கையின் விளிம்பையும் பற்றித்தான் அவர் எதிராளியின் நிலையைக் குலைப்பார். அதே துணியைக் கொண்டுதான் கழுத்தை இறுக்குவார். மேலங்கியைக் கழற்றிவிட்டால் அவரது பாதிக் கலை கழன்றுவிடும். மேலும் மல்யுத்தத்தில் முதுகு தரையைத் தொட்டால் தோல்வி. ஜூடோ வீரருக்கோ முதுகில் படுத்த நிலையும் ஒரு போர்முனைதான். அங்கிருந்தே கையை மடக்கிப் பூட்ட அவருக்குத் தெரியும். ஆக, ஒரு பண்பாட்டின் வெற்றி மற்றொரு பண்பாட்டின் தோல்வியாக எழுதப்பட்டிருந்தது.

அந்நாளில் ஊர் ஊராகச் சென்று மோதிய வீரர்களுக்குப் பாதிச் சண்டை களத்துக்கு வெளியே, விதிகளைப் பேசி முடிப்பதிலேயே நடந்தது. மேலங்கி உண்டா, குத்து உண்டா, எத்தனை நிமிடம், சரணடைதல் ஏற்கப்படுமா என்ற ஒவ்வொன்றும் பேரத்துக்குரியது. அயல்நாட்டிலிருந்து வந்தவர் பல நேரங்களில் எதிராளியின் விதிகளை ஏற்க வேண்டியிருந்தது. மயேதா ஏற்றார். தோற்கும்போது கற்றுக்கொண்டார். மேற்கத்திய மல்யுத்த வீரரின் பிடி எங்கே வலுவானது, குத்துச்சண்டை வீரரின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அவர் நூல்களில் படிக்கவில்லை. தம் உடலின் மீது எழுதிக்கொண்டார்.

இந்த அனுபவத்திலிருந்தே அவரது பாணி உருவாயிற்று. முழங்கையாலும் தாழ்ந்த உதையாலும் எதிராளியைத் திசைதிருப்பி நெருங்குவது, நெருங்கியதும் பற்றித் தரையில் வீழ்த்துவது, தரையில் கழுத்தையோ மூட்டையோ பூட்டிச் சரணடையச் செய்வது என்று மூன்று படிகளாக அது விவரிக்கப்படுகிறது. இன்றைய கலப்புத் தற்காப்புக் கலையின் அரிச்சுவடி இதுவே.

கோந்தே கோமா

1908-இல் ஸ்பெயினில் இருந்தபோது அவர் புதிய பெயரொன்றைச் சூட்டிக்கொண்டார்: கோந்தே கோமா. கோந்தே என்றால் ஸ்பானிய மொழியில் பிரபு. கோமா என்பது, இக்கட்டில் இருப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் வாலை வெட்டிப் பெற்ற சொல். கையில் காசில்லாமல் திண்டாடிய மனிதர், தம் திண்டாட்டத்துக்கே பிரபு பட்டம் சூட்டிக்கொண்ட நகைச்சுவை அதில் இருக்கிறது. அடுத்த பல ஆண்டுகள் லத்தீன் அமெரிக்கச் சுவரொட்டிகளில் இடம்பெற்றது அந்தப் பெயர்தான்.

அங்கிருந்து கியூபா, பிறகு மெக்சிகோ. 1909 ஜூலையில் மெக்சிகோ நகரின் நாடக அரங்கொன்றில் அவர் பகிரங்க அறைகூவல் விடுத்தார். தம்மால் வீழ்த்த முடியாத எவருக்கும் 100 பெசோ. தம்மை வீழ்த்தும் எவருக்கும் 500 பெசோ. எடை வரம்பு இல்லை, முன்னறிவிப்பு இல்லை. கூட்டத்திலிருந்து எழுந்து வருபவர் சுமை தூக்கும் தொழிலாளியாக இருக்கலாம். தேர்ந்த மல்லராகவும் இருக்கலாம். ஒவ்வொரு மாலையும் தம் உடலையே பிணையாக வைத்து நடத்திய வாணிபம் அது. ஒரு கால் எலும்பு முறிந்தால் அடுத்த மாத உணவு இல்லை. பார்க்க மருத்துவக் காப்பீடும் இல்லை, தாங்க உறவினரும் இல்லை.

மயேதா ஆயிரக்கணக்கான சண்டைகளில் வென்றார் என்று இன்று பரவலாக எழுதப்படுகிறது. அப்படிப்பட்ட எண்களை அப்படியே ஏற்பதற்கில்லை. அக்காலத்து நாடக அரங்குகளிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் நடந்தவற்றுள் உண்மையான மோதல்களும் உண்டு. முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட காட்சிகளும் உண்டு. பிழைப்புக்காகப் போரிட்டவரின் வரலாற்றில் இந்தக் கலப்பு இருக்கத்தான் செய்யும். அதை மறைத்து அவரைத் தோல்வியறியாத வீரராக்குவது, அவர் உண்மையில் தாங்கிய சுமையைக் குறைத்துக் காட்டுவதாகும்.

கொடோகான் அவரை முற்றிலும் கைவிடவில்லை. 1912-இல் அவருக்கு ஐந்தாம் நிலை வழங்கப்பட்டது. ஆனால், தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கிய ஒருவருக்கு இந்தச் சிறப்பு தகுமா என்று அங்கேயே எதிர்ப்பும் எழுந்தது. இந்த எதிர்ப்பை வெறும் பொறாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். கானோவின் அச்சத்தில் நியாயம் இருந்தது. பந்தயப் பணம் நுழையும் இடத்தில் சூதாட்டமும் போலிச் சண்டையும் நுழையும். பயிற்சிக்கூடம் கேளிக்கைக் கூடமாகும். ஜூடோ பள்ளிகளுக்குள் சென்றதும், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் அந்தத் தூய்மையைக் காத்ததால்தான். எனினும், தூய்மையைக் காக்க ஒரு நிறுவனம் வேண்டும். அந்நிறுவனத்தைத் தாங்க ஓர் அரசும் சமூகமும் வேண்டும். அன்றிரவு விடுதிக்குக் கொடுக்க வாடகை இல்லாத புலம்பெயர்ந்த வீரரிடம் அதே தூய்மையைக் கேட்பது எளிது. அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

அமேசானின் வாசலில்

மத்திய அமெரிக்கா, பெரு, சிலி, அர்ஜென்டினா என்று சுற்றிய மயேதா 1914 நவம்பரில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேவை அடைந்தார். மறுஆண்டு அமேசான் வடிநிலத்தின் பெலேம், மனாஸ் நகரங்களுக்குச் சென்றார். மீண்டும் ஒருமுறை ஐரோப்பா சென்று திரும்பி, 1917-இல் பெலேமிலேயே நிலைகொண்டார். அங்கேயே திருமணம் செய்துகொண்டார்.

பெலேம் அப்போது வாடிக்கொண்டிருந்த நகரம். அமேசான் காட்டு ரப்பரால் செழித்து, ஐரோப்பாவுக்கு நிகரான நாடக அரங்குகளைக் கட்டிய ஊர். 1876-இல் அதே மாநிலத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாகப் பெருகின. அத்தோட்டங்களில் பால்வெட்டிய கைகளில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையவை. மலிவான தோட்ட ரப்பர் சந்தையை நிறைத்ததும் அமேசானின் பொற்காலம் முடிந்தது. நம் முன்னோர் கப்பலேறிச் சென்று சிந்திய வியர்வை, உலகின் மறுகோடியில் ஒரு நகரத்தின் விதியை மாற்றியது. அந்த நகரத்தில்தான் மயேதா தம் இறுதி வீட்டைக் கட்டினார்.

அங்கே சர்க்கஸ் தொழிலில் ஈடுபட்டிருந்த கஸ்தாவ் கிரேசி என்பவரின் அறிமுகம் கிடைத்தது. அவருடைய மூத்த மகன் கார்லோஸ், பதின்வயதில் மயேதாவின் செயல்விளக்கத்தைக் கண்டு மயங்கி மாணவரானார். கார்லோஸ் மட்டுமே மயேதாவின் மாணவர் அல்லர்; அந்தப் பரம்பரையைத் தாங்கிச் சென்ற வேறு மாணவர்களும் உண்டு. ஆனால், கிரேசி குடும்பம் அக்கலையைத் தன் குலத்தொழிலாக்கியது. கார்லோஸ் தம் தம்பிகளுடன் ரியோ டி ஜெனிரோவில் பயிற்சிக்கூடம் நிறுவினார். எந்தப் பாணியினரும் வந்து மோதலாம் என்ற அறைகூவல், கோந்தே கோமா நாடக அரங்குகளில் விடுத்த அதே அறைகூவல்தான்.

1951-இல் ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசஹிகோ கிமுரா ரியோவுக்கு வந்து, மரக்கானா அரங்கில் கார்லோஸின் தம்பி எலியோவை வென்றார். கிமுரா தோள்மூட்டைப் பூட்டிய அந்தப் பிடிக்கு, தோற்றவர்களே அவர் பெயரைச் சூட்டினர். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தபோது எலியோவின் மகன் ராய்ஸ், தம்மைவிடப் பருத்தவர்களை ஒரே இரவில் அடுத்தடுத்து மூன்று பேராக வீழ்த்தினார். வெஸ்ட் பாயிண்டில் டொமிதாவால் காட்ட முடியாமல் போனதை, எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் அந்த வழிவந்த ஒருவர் காட்டினார்.

குடியேற்றத்தின் காவலர்

மயேதாவின் வாழ்க்கையில் பலரும் கவனிக்காத பகுதி அதன் இறுதிப் பதினைந்து ஆண்டுகள். 1920-களின் நடுவில், ரப்பரை இழந்து நின்ற பாரா மாநிலம் ஜப்பானிய விவசாயிகளை வரவேற்றது. உள்ளூர் மொழியும் மனிதர்களும் நன்கு பழகிய மயேதா அந்தக் குடியேற்ற முயற்சியில் முழுமையாக ஈடுபட்டார். 1929-இல் முதல் குடும்பங்கள் இன்று டோமே அசு என்று அழைக்கப்படும் காட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. கொக்கோ பயிரிட்டனர், பலன் கிட்டவில்லை. மலேரியா பலரைக் கொன்றது. பலர் ஊரைவிட்டு வெளியேறினர். பிரபு என்று பெயர் சூட்டிக்கொண்டு அரங்கேறியவர், கொசுக்கடியில் நொந்த குடும்பங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். பின்னாளில் அந்தக் குடியேற்றத்தை வாழவைத்தது மிளகு. 1930-களில் சிங்கப்பூர் வழியே வந்த சில நாற்றுகளிலிருந்து பெருகிய கொடி. அதன் செழிப்பைக் காண மயேதா உயிருடன் இல்லை.

பிரேசில் குடியுரிமை பெற்ற அவர், 1941 நவம்பர் 28 அன்று தமது 63-ஆம் வயதில் பெலேமில் காலமானார். பத்து நாள்கள்கூட ஆகவில்லை, பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. சில வாரங்களில் பிரேசில், ஜப்பானுடனான உறவை முறித்தது. பாரா மாநிலத்து ஜப்பானியர்கள் எதிரிநாட்டவராகக் கருதப்பட்டு, அவர் உழைத்த அதே டோமே அசுவில் அடைத்து வைக்கப்பட்டனர். இதையெல்லாம் காணாமல் போனது அவருக்குக் கிடைத்த சிறு கருணை.

இறப்புக்கு முதல் நாள் கொடோகான் அவருக்கு ஏழாம் நிலை வழங்கியது. 1956-இல் ஹிரோசாகியில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. கடல் கடந்து தொழில் செய்தவரைத் தாய்மண் ஏற்றுக்கொள்வதற்கு அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?

ஆசானும் மாணவரும் ஒருவருக்கொருவர் எதிரானவர்கள் என்று இந்த வரலாற்றைப் படிப்பது தவறாகும். கானோவும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினராக உலகைச் சுற்றி, 1938-இல் நாடு திரும்பும் கப்பலிலேயே உயிர் நீத்தவர். ஒருவர் அரசவைகளின் வழியே ஜூடோவைக் கொண்டுசென்றார்; மற்றவர் சர்க்கஸ் கூடாரங்களின் வழியே கொண்டுசென்றார். முதலாமவரின் கலை ஒலிம்பிக் மேடையேறியது. இரண்டாமவரின் கலை, ஏழை இளைஞர்கள் ஊதியம் பெறும் தொழிலாயிற்று. உலகம் முழுவதும் இன்று பயிலப்படும் பிரேசில் ஜுஜுட்சுவுக்கு இந்த இரண்டு வழிகளும் தேவைப்பட்டன.

விளையாட்டில் ஊதியத்துக்கு ஆடுவோர் குறைந்தவர், ஊதியமின்றி ஆடுவோர் உயர்ந்தவர் என்ற எண்ணம் வசதி படைத்தோர் வகுத்தது. சோற்றுக்குக் கவலையில்லாதவரே பயனை எதிர்பாராமல் விளையாட முடியும். இன்றும் கூண்டுக்குள் இறங்கும் புதிய வீரர்களில் பெரும்பாலோர், களமிறங்கினால் ஒரு தொகை, வென்றால் மட்டும் இன்னொரு தொகை என்ற ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திடுகிறார்கள். பயிற்சியாளருக்கும் மருத்துவருக்கும் மேலாளருக்கும் அதிலிருந்தே பங்கு செல்ல வேண்டும். எடையைக் குறைக்க உடலின் நீரை வற்றவைத்துக்கொண்டு, நேரம் மாறிய நாட்டில் உறக்கமின்றிப் படுத்திருக்கும் இளைஞரின் நிலை, 1909-இல் மெக்சிகோ நகர விடுதியில் இருந்த மயேதாவின் நிலையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது?

அந்த விளையாட்டை விரும்பாதிருக்க நமக்கு முழு உரிமை உண்டு. தலையில் விழும் அடிகளின் நீண்டகாலப் பாதிப்பை நினைத்தால் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால், விளையாட்டின் மீதான தயக்கம் வீரரின் மீதான இளக்காரமாக மாறக் கூடாது. வீரர்களுக்கான காப்பீடும், நேர்மையான ஒப்பந்தமும், முறையான மருத்துவப் பரிசோதனையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், பணத்துக்காகச் சண்டையிடுகிறவர்கள்தானே என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். பணத்துக்காகச் சண்டையிட்ட ஒருவர் ஒரு கலையைக் காத்தார், பரப்பினார், குடியேறியவர்களுக்கு நிலம் தேடித் தந்தார். நினைவுச்சின்னம் எழுப்பும் வரை காத்திராமல், அத்தகையோர் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் தொழிலைத் தொழிலாக மதிப்பதுதான் நாம் செலுத்தக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.